மீன்கொத்திக் காசு

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் பெயர் தட்சிணாமூர்த்தி. சிதம்பரத்தில் அவரைத் தெரிந்தவர்கள் நல்ல மனிதர் என்பார்கள். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். ஆபீஸ் வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு மெமோ வாங்கியதில்லை. எல்லாம் உண்மைதான். பெண்டாட்டியை அடிக்காதவனெல்லாம் நல்ல புருஷன் என்று நம் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறதே, அந்தக் கணக்கில் மாமா முதல் வகுப்பில் தேறிவிடுவார். நான் போடுவது வேறு கணக்கு.

அவருக்கு இருந்தது ஒரே பைத்தியம், வெள்ளிக்காசு. ராஜா காலத்துப் பழைய காசு என்று நினைத்துவிடாதீர்கள். தோண்டியெடுத்த காசை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இப்போது அடிக்கிற காசுதான் வேண்டும். கனடாக்காரன் இலை போட்டு அடிக்கிறான், சீனாக்காரன் பாண்டாக் கரடி போட்டு அடிக்கிறான், ஆஸ்திரேலியாக்காரன் கூக்கபரா என்று ஒரு பறவையைப் போட்டு அடிக்கிறான். எல்லாம் சுத்த வெள்ளி. ஒவ்வொன்றும் முப்பது கிராமுக்குக் கூடக்குறைய இருக்கும், உள்ளங்கையை அடைத்துக்கொண்டு உட்காரும். கரடிக்கும் பறவைக்கும் வருஷத்துக்கு வருஷம் புதுப் படம் போடுவார்கள். போன வருஷம் மூங்கில் தின்ற கரடி இந்த வருஷம் மரத்தில் ஏறும். அது ஏறினால் மாமா சென்னைக்கு பஸ் ஏறுவார். எதற்கு என்று கேட்டால், "வாங்கலன்னா செட்டு உடைஞ்சிடும் மச்சான்" என்பார்.

நம் அரசாங்கம் வெளியிடுகிற நினைவுக்காசுகளையும் விட மாட்டார். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டி ஆயிரம் வருஷம் ஆனதற்கு ஆயிரம் ரூபாய்க் காசு ஒன்று வந்ததே, அதற்குப் பணம் கட்டிவிட்டுத் தபால்காரரை அவர் எதிர்பார்த்த மாதிரி, ஆஸ்பத்திரியில் மகள் இளமதி பிறந்த அன்றைக்குக்கூட எதிர்பார்க்கவில்லை. காசு வந்தது. கோபுரம் போட்ட காசாயிற்றே என்று அக்கா அதன் டப்பா மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். அவ்வளவுதான், ஒரு வாரம் வீட்டில் பேச்சு இல்லை. சத்தம் போட்டிருந்தாலாவது அவள் பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள். மாமா சத்தம் போடுகிற ஆளில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீரோவைத் திறப்பார். ஃபேனை நிறுத்திவிட வேண்டும், தூசி பறக்கும். கையில் வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொள்வார், ரேகை பட்டால் காசு கறுத்துப்போகும். காசை அதன் கண்ணாடி டப்பாவிலிருந்து எடுத்தால் பக்கத்தில் யாரும் பேசக் கூடாது, எச்சில் தெறித்தால் புள்ளி விழும். பார்த்து முடித்ததும் டப்பாவை மூடுவார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அக்காவும் இளமதியும் வாயைத் திறக்கலாம். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல், வாய் திறக்காமல், இரண்டு பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எலக்ட்ரிக்கல் கடை. ஃபேன் விற்றுப் பிழைக்கிறவன். அந்த வீட்டு ஃபேனும் நான் கொண்டுபோய் மாட்டியதுதான்.

அக்கா பெயர் பட்டம்மாள். நாங்கள் கீரப்பாளையத்துக்காரர்கள். அப்பா அவளுக்குச் சீராகக் கொடுத்தவற்றில் பெரிய பொருள் ஒரு வெள்ளித் தட்டு. ஒரு போகத்து நெல்லை அப்படியே போட்டு வாங்கியது. ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று எடுத்து வைப்பாள். ஒரு தடவை நான் போனபோது அந்தத் தட்டு பூஜை அலமாரியில் இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"மாத்திட்டோம் மச்சான்" என்றார் மாமா. "தட்டுன்னா அதுல கலப்பு ஜாஸ்தி. சும்மா கெடந்து கறுத்துக்கிட்டு இருந்துச்சு. அதப் போட்டுட்டு சுத்த வெள்ளியா வாங்கிட்டேன். வெள்ளி குடுத்து வெள்ளி வாங்கறதுல என்னா நஷ்டம்?"

அக்கா அடுப்படியில் இருந்தாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. அப்பா போய்ச்சேர்ந்துவிட்டார், தட்டும் கூடவே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டு எதுவாக மாறியது என்று அன்றைக்கே காட்டினார். நாலைந்து கூக்கபரா. கை உறை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். ஒரு கிளையில் இரண்டு பறவைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. ஒன்று இந்தப் பக்கம் பார்க்கிறது, இன்னொன்று அந்தப் பக்கம். தலை பெரிசு, மூக்கு தடிப்பு. பின்னால் இங்கிலாந்து ராணியின் தலை. அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள்.

"இது எங்கூரு மீன்கொத்தியாட்டம் இருக்குதே" என்றாள்.

"மீன்கொத்தி ஜாதிதான். ஆனா ஆஸ்திரேலியாவுது. நீ பேசாத, எச்சி தெறிக்கும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டே பார்த்தாள். அப்படி அவள் ஒரு பொருளைப் பார்த்து நான் பார்த்ததில்லை. புடவைக் கடையில்கூட முதலில் காட்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறவள். டப்பா 'டக்' என்று மூடியதும் கேட்டாள்.

"அத மட்டும் எனக்குக் குடுங்களேன். என் தட்டுல வந்ததுதான?"

"உனக்கு எதுக்கு?"

"சும்மா வச்சிக்குவேன். கையில எடுத்துப் பாப்பேன்."

"கையிலயா?" என்று மாமா சிரித்தார். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "செட்டு உடைஞ்சிடும் பட்டம்மா."

அதற்கப்புறம் அது அந்த வீட்டில் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. இளமதி பிளஸ் டூ பாஸ் பண்ணினபோது, "புள்ள பாஸாயிட்டா, மீன்கொத்திய எனக்குக் குடுங்க" என்று கேட்டாள். இளமதியைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய அன்று அழுதுகொண்டே கேட்டாள். அறுபதாம் கல்யாணத்தில் ஐயர் முன்னாலேயே கேட்டாள். எல்லோரும் சிரிப்போம், மாமாவும் சிரிப்பார், அக்காவும் சிரித்துவிடுவாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும், இளமதிக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

போன தை மாதம் ஒரு காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் கடலூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "மச்சான், உங்கக்கா…" என்றார். கட்டிக்கொண்டு அழுதோம். ஓசூரிலிருந்து இளமதியும் வந்துவிட்டாள்.

குளிப்பாட்டி, புதுப் புடவை கட்டி, பெரிய பொட்டாக வைத்தாயிற்று. சடங்கெல்லாம் பார்த்தது எங்கள் சின்னம்மா தைலம்மாள். "நெத்திக் காசு குடுங்க" என்று கையை நீட்டினாள்.

வீடு நிறைய ஆம்பளைகள். ஆளாளுக்குச் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டோம். ஒருத்தரிடமும் காசு இல்லை. இப்போது யார் சில்லறை வைத்திருக்கிறார்கள்? தேங்காய், மாலை முதல் ஐஸ் பெட்டி வாடகை வரை அன்றைக்கு எல்லாமே போனில்தான் போனது. முக்கு டீக்கடையில் கேட்டு வரப் போனவர், "அங்கயும் ஸ்கேன்தாங்க, கல்லா காலி" என்று திரும்பி வந்தார். பூஜை அலமாரியில் அக்கா சேர்த்து வைத்திருந்த சில்லறையை மார்கழித் திருவாதிரைக்கு அவளே கோயில் உண்டியலில் போட்டுவிட்டிருந்தாள். கடைசியில் வண்டி ஓட்டிவந்தவர் டேஷ்போர்டைத் துழாவி ஒரு பத்து ரூபாய்க் காசு எடுத்து வந்தார்.

தைலம்மாள் அதைத் திருப்பிப் பார்த்தாள். "இது செல்லாதுப்பா. கடைக்காரனே வாங்க மாட்டேங்கறான், எமன் வாங்குவானா? சுமங்கலியாப் போறவளுக்கு செல்லாக் காசையா வப்பாங்க?" என்று ஜன்னல் கட்டையில் போட்டாள்.

மாமா வாயைத் திறந்தார். "செல்லும். ரிசர்வ் பேங்க்கே சொல்லியிருக்கு. பத்து ரூபா காசு செல்லும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. துக்கத்தில் மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ரிசர்வ் பேங்க்கைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்தேன். அவர் புத்தி தெளிவாகத்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இளமதி நிமிர்ந்தாள். "ஏம்பா, வூட்ல பீரோ நெறைய காசு இருக்கு, இவுங்க தெருத்தெருவா அலையறாங்களே" என்றாள். "அந்த மீன்கொத்திக் காச எடுத்துட்டு வாங்கப்பா. அம்மா எத்தினி தடவ கேட்டாங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லித் தடுப்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. "போங்க மாமா, எடுத்துட்டு வாங்க" என்றேன். எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெகு நேரம் ஆளைக் காணோம். தைலம்மாள் இரண்டு தடவை குரல் கொடுத்த பிறகு வந்தார். கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு வந்தார்.

"பாவம், என்னா செய்றோம்னே தெரியல மனுஷனுக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டப்பாவைத் திறந்து, காசை விளிம்போடு பிடித்து எடுத்து, அக்கா நெற்றியில் வைத்தார். அது ஒரு ரூபாய்க் காசு மாதிரி அடக்கமாக உட்காருகிற காசா? பெரிசு, கனம். வழுக்கி வழுக்கி இறங்கியது. தைலம்மாள் சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்து நெற்றியில் அப்பி, அதன் மேல் காசை அழுத்தி, வெள்ளைத் துணியைக் கிழித்து ரிப்பன் மாதிரி சுற்றிக் கட்டினாள். அவள் அழுத்தும்போது மாமாவின் உதடு துடித்தது. ராணி முகம் அடியில், அக்கா நெற்றியோடு. பறவைகள் இரண்டும் மேலே. இளமதி அம்மா கன்னத்தைத் தடவி, "வாங்கிட்டம்மா, கடைசில வாங்கிட்ட" என்று கதறினாள். கூடத்தில் அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன். அந்தத் தட்டை, அந்த ஃபேனை, வாயைப் பொத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளை, எல்லாவற்றையும் அந்த இடத்தில் மாமாவுக்கு மன்னித்துவிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். நாங்கள் சுடுகாட்டுக்குப் போனோம். அங்கே வேலை பார்க்கிறவர் சிங்காரம் என்று ஒரு வயசாளி. நெற்றிக் காசு அவருக்குச் சேர வேண்டியது, அது வழக்கம். கட்டை அடுக்கி, உடம்பை வைத்து, வாய்க்கரிசி போட ஒவ்வொருத்தராகச் சுற்றி வந்தோம். மாமா கடைசியாக வந்தார். அரிசி போட்டுவிட்டு அப்படியே குனிந்து அக்கா முகத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், பிரிய மனசு வரவில்லை என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். தாங்கிப் பிடிக்கலாம் என்று நான் மட்டும் ஓரடி கிட்டே போனேன்.

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அது எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியாதா? நிமிர்ந்த மாமாவின் கை கைக்குட்டையோடு வேட்டி மடிப்புக்குள் போய்விட்டு வந்தது. அக்கா நெற்றியில் துணி அவிழ்ந்து கிடந்தது. சந்தனத்தில் பெரிய வட்டமாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு நடுவில் பத்து ரூபாய்க் காசு, ஜன்னல் கட்டையில் தைலம்மாள் வீசிப்போட்ட அதே செல்லாக் காசு, பொருந்தாமல் சாய்ந்து கிடந்தது.

சிங்காரமும் பார்த்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு அந்தக் காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இத எவனும் வாங்க மாட்டான்" என்று யாரிடமும் என்றில்லாமல் சொல்லிவிட்டு மடியில் செருகிக்கொண்டு, வறட்டியை எடுத்து அக்கா முகத்தை மூடினார். கொள்ளி வைக்கப் போகிறவரின் கழுத்தைப் பிடிக்க முடியுமா? பிடித்தால் அக்கா அங்கே கிடப்பாள், ஊர் வேடிக்கை பார்க்கும், சேதி தெருமுனையில் நிற்கிற இளமதி காதுக்குப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமா கொள்ளி வைத்தார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த முறையிலும் ஒரு தப்பு சொல்ல முடியாது.

கருமாதி அன்று இளமதி வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா காசு காசு என்று அலைந்தாலும், அம்மா கேட்டதைக் கடைசியில் அம்மாவோடவே அனுப்பிவிட்டார் என்று. கேட்டவர்கள் மாமாவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அங்கே சாப்பிடப் பிடிக்கவில்லை, இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

முதல் மாசத் திதிக்குப் போனேன். இளமதியால் வர முடியவில்லை. ஐயர் போன பிறகு நானும் மாமாவும்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. அவர் எழுந்து ஃபேனை நிறுத்தினார்.

"மச்சான், வாயேன், ஒண்ணு காட்டறேன்."

வெட்கப்படுவார், மறைப்பார், நான் கேட்டால் மழுப்புவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவராகவே பீரோவிலிருந்து அந்த டப்பாவை எடுத்து வந்து லென்ஸைக் கையில் கொடுத்தார். ராணியின் கன்னத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தேன். சந்தனத்தில் ஒரு முடி, நரைத்த முடி.

"பாத்தியா? ஓரத்துல கறுக்க ஆரம்பிச்சிருச்சு" என்றார் மாமா. "தொடைக்கவும் கூடாது. தொடைச்சா கீறல் விழுந்துடும், அந்த மெருகு திரும்ப வராது. அப்படியே விட்டுட வேண்டியதுதான்."

என் அக்கா உடம்பில் மிஞ்சியது அந்த ஒரு முடிதான். அதுவும் மிஞ்சியது காசைத் துடைக்கக் கூடாது என்கிற விதியால்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"அங்க வுட்டிருந்தா அந்தாளு உருக்கி வித்துருப்பான் மச்சான். பட்டம்மா ஆசப்பட்ட காசு. பத்திரமா இருக்கட்டும்னுதான்." அவர் கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். நடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பத்திரமாக இருக்க வேண்டும் என்றா அவள் ஆசைப்பட்டாள்? கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றல்லவா கேட்டாள்?

"இனிமே இதுக்கு வெறும் வெள்ளி வெலதான்" என்று அவர் பெருமூச்சு விட்டார். "கறை பட்டத எவன் வாங்குவான்?"

"அப்ப எனக்குக் குடுங்க மாமா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். உறை போடாத கை.

"அது எப்படி மச்சான்?" என்றார் மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "செட்டு உடைஞ்சிடும்ல."

போன் அடித்தது. இளமதி, வீடியோவில். திதி முடிந்ததா, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அழுதாள். "அப்பாவ அப்பப்ப வந்து பாத்துக்குங்க மாமா. அம்மா இருந்தப்ப எனக்கு அவர் மேல எவ்ளோ கோவம் தெரியுமா? ஆனா அன்னிக்கு அந்தக் காசக் குடுத்தாரு பாருங்க, அதோட எனக்கு எல்லாம் போயிடுச்சு. குடுத்துட்டாருல்ல மாமா?"

எதிரே மாமா அந்தக் காசை உள்ளே வைத்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். போனில் கேட்டுவிடக் கூடாதே என்று அழுத்திப் பிடித்து, சத்தமில்லாமல் மூடினார்.

"ஆமாம்மா" என்றேன். "குடுத்துட்டாரு."